டாக்ஸி எஞ்சினும் கால் மைலும்

மெல்பர்ன்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தாலே வீட்டில் ஏதாவது வேலை முளைத்துவிடுகிறது. மூத்தவளுக்கு வரன் அமைந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பட்டறையில் மாடிப்படி ஏறும் வேலையையாவது அவளிடமிருந்து எடுத்துவிடு.

கடைசியில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். ஒரு பையன் டர்போ பெட்ரோல் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, 'பிக்கப் ஏத்திக் குடுங்கண்ணா, டிராக் ரேஸுக்குப் போகணும்' என்கிறான், ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது) போதுமா, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையே மாற்றவேண்டுமா என்பது ஒன்று. இந்த வயசில் உனக்கு எதுக்குடா இந்த வேலை என்பது இன்னொன்று. இரண்டாவதை நீ கேட்கக்கூடாது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்க்க ராத்திரி பஸ் ஏறியவர்களில் நீயும் உண்டு.

முதல் கேள்விக்கு என் காரை வைத்தே பதில் சொல்கிறேன். சுருக்கம் இதுதான்: டர்போவைக் கடைசியில் தொடச் சொல். என் காரில் இன்னும் கம்பெனி டர்போதான் இருக்கிறது.

நான் இங்கே வந்த புதிதில் ஓட்டியது ஃபோர்ட் ஃபால்கன் டாக்ஸி, கேஸில் ஓடுவது. நாலு லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். நாள் முழுக்க ஷிப்ட் மாறி மாறி ஓடும், நிற்காது. அதே குடும்பத்து எஞ்சினில் டர்போ வைத்து விற்றதுதான் எக்ஸ்ஆர்6 டர்போ. 2002-ல் பிஏ மாடலோடு வந்தபோது 240 கிலோவாட் பவர், 450 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). 2008-ல் எஃப்ஜி வந்தபோது 270 கிலோவாட், 533 நியூட்டன் மீட்டர். இங்கே எல்லோரும் பாரா எஞ்சின் என்பார்கள். ஜீலாங்கில் வார்த்து, பிராட்மெடோஸில் காரில் ஏற்றினார்கள். 2016 அக்டோபரோடு எல்லாம் மூடியாகிவிட்டது. அதன் பிறகுதான் இந்த எஞ்சினுக்கு மவுசு ஏறியது. முன்பு பழைய இரும்புக் கடையில் சல்லிசாகக் கிடைத்ததற்கு இப்போது பேரம் பேசவே விடமாட்டேன் என்கிறார்கள். ஆயிரம் குதிரைசக்தி எடுத்தவர்கள் இங்கே நிறையப் பேர். எனக்கு அந்த ஆசை இல்லை. ஸ்ட்ரிப்பில், அதாவது நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் ரேஸ் பாதையில், ஓட்டிவிட்டு அதே காரில் வீட்டுக்கு வரவேண்டும், வழியில் மளிகை வாங்கவேண்டும்.

நான் வாங்கியது எஃப்ஜி, ஆட்டோ கியர். பிஏ, பிஎஃப் மாடல்களைவிட இதில் கான்ராட் (பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) கொஞ்சம் பலம். வாங்கியதும் முதல் செலவு எங்கே என்று நினைக்கிறாய்? ஆயில் பம்ப் கியர். நீ சிரிப்பாய். ஆனால் இந்த எஞ்சினில் பம்ப் கிராங்க்கின் முன்முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கியர் பவுடர் உலோகத்தை அழுத்திச் சுட்டுச் செய்தது. டாக்ஸிக்கு ஆயுள் முழுக்கப் போதும். ஸ்ட்ரிப்பில் டயர் வழுக்கி ஆர்பிஎம் திடீரென்று உச்ச வரம்பான லிமிட்டரில் போய் மோதும்போது கிராங்க் நடுங்கும் நடுக்கத்தில் அது விரிசல் விட்டுவிடும். ஆயில் பிரஷர் போன அடுத்த நொடி பேரிங் போகும். பேரிங் போனால் மற்றதைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. முழு ஸ்டீலில் கடைந்த கியர் கிடைக்கிறது. கியரின் விலை பெரிதில்லை, அதற்காக முன்பக்கத்தை முழுக்கக் கழற்றும் கூலிதான் வலிக்கும். இங்கே கூலி எப்படி என்று உனக்குத் தெரியும், அதனால் நானே கழற்றினேன்.

அடுத்தது வால்வ் ஸ்பிரிங். இதை நீ பேப்பரில் போட்டுப் பார். டர்போ தள்ளும் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், 20 பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள இன்டேக் வால்வின் முதுகில் அந்த அழுத்தம் 13 கிலோவுக்கு மேல் வரும். மூடியிருக்கவேண்டிய வால்வை அவ்வளவு பலம் திறக்கத் தள்ளுகிறது, கம்பெனி ஸ்பிரிங் தனியாக மல்லுக்கட்டுகிறது. எக்ஸாஸ்ட் பக்கமும் டர்போவுக்கு முன்னால் தேங்கும் அழுத்தம் இதே வேலையைச் செய்யும். மேல் ஆர்பிஎம்மில் வண்டி இழுக்காமல் திணறினால் பலர் டியூனைக் குறை சொல்வார்கள். பாதி நேரம் வால்வ் நேரத்துக்கு மூடாமல் மிதக்கிறது, அவ்வளவுதான். ஹெட்டை இறக்காமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங் மாற்றிவிடலாம்.

அப்புறம் எரிபொருள். இங்கே சில பெட்ரோல் பங்க்குகளில் இ85 கிடைக்கிறது, அதில் எத்தனால்தான் பெரும்பகுதி. நம் ஊர் இ20-ஐ (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) திட்டி நீ எழுதியிருந்தாய். அன்றாட வண்டிக்கு மைலேஜ் குறைவது உண்மைதான். டர்போ காருக்கு மட்டும் எத்தனால் வேறு கதை. ஆக்டேன் அதிகம். அதைவிட முக்கியம், ஆவியாகும்போது அது உறிஞ்சும் சூடு பெட்ரோல் உறிஞ்சுவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உள்ளே போகும் காற்று குளிர்ந்துவிடுவதால் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறித் தானே வெடிப்பது) எட்டவே நிற்கும், பொறி விடும் டைமிங்கைத் தைரியமாக முன்னே தள்ளலாம். அதற்கு விலையும் உண்டு. பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால் இ85-க்கு 9.8 பங்குதான். அதாவது அதே காற்றுக்கு எடையில் ஒன்றரை மடங்கு எரிபொருள் ஊற்றவேண்டும். பழைய இன்ஜெக்டரும் பம்பும் அதற்கு ஈடுகொடுக்காது. பெரிய அடுப்பை வாங்கிவிட்டுச் சின்ன டியூபில் கேஸ் விட்ட கதையாகிவிடும். எரிபொருள் குறைந்த அந்த அரை விநாடியில் பிஸ்டன் ஓட்டையாகும். அதனால் பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், அதற்குத் தடிமனாகத் தனி ஒயர். பம்பில் ஒயர் செய்யும் வித்தியாசம் ஆச்சரியமானது. இரண்டு வோல்ட் குறைந்தாலே அழுத்தம் இறங்கிவிடுகிறது. பங்க்குக்குப் பங்க், பருவத்துக்குப் பருவம் எத்தனால் அளவு மாறும் என்பதால் லைனில் ஒரு சென்சாரும் வைத்தேன். அளவைப் பார்த்து எஞ்சின் கம்ப்யூட்டர் (ஈசியூ) தானே சரிசெய்துகொள்ளும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ரீமேப் எழுதும் டியூனர் லேப்டாப்பைத் திறந்தார். காரைக் கட்டி நிறுத்திச் சக்கரத்தின் பலத்தை அளக்கும் டைனோ மேடையில் பூஸ்ட்டை 18 பிஎஸ்ஐ வரை ஏற்றி, சக்கரத்தில் 350 கிலோவாட் வந்ததும் போதும் என்று நிறுத்திவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான். இன்னும் வருமா என்று கேட்டேன். 'வரும். எங்கே வரும் என்பதுதான் கேள்வி' என்றார். கான்ராடை வளைப்பது உச்சியில் வரும் குதிரைசக்தி இல்லை, கீழ் ஆர்பிஎம்மில் திடீரென்று குவியும் டார்க். நாலு லிட்டர் எஞ்சின் டர்போவை மூவாயிரத்திலேயே எழுப்பிவிடும். அங்கே முழு பூஸ்ட்டையும் கொடுத்தால் ராட் வளையும். எனவே அவர் கீழே பூஸ்ட்டை அடக்கி, டைமிங்கையும் கொஞ்சம் பின்னே இழுத்து, ஆர்பிஎம் ஏற ஏறத்தான் திறந்துவிட்டார். டைனோ வரைபடம் பார்க்க அழகாக இல்லை. போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினால் யாரும் வாய் பிளக்கமாட்டார்கள். எஞ்சின் பிழைத்திருக்கும்.

டைனோ நம்பரைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு, எழுதிவிடுகிறேன். ஒரு மேடையில் 350 காட்டுவது இன்னொன்றில் 330 காட்டும். அன்றைய வெயில், பெல்ட் இறுக்கிக் கட்டிய விதம், டயர் காற்று எல்லாம் அதில் கலந்திருக்கும். பையன்கள் அந்த நம்பரைச் சட்டையில் அச்சடித்துக்கொண்டு திரிகிறார்கள். ஸ்ட்ரிப்பில் கொடுக்கும் சின்னச் சீட்டு இருக்கிறதே, அதில் ஏமாற்று கிடையாது.

மெல்பர்னுக்கு வடக்கே ஹீத்கோட் பக்கம் ஒரு ஸ்ட்ரிப் இருக்கிறது. சுற்றிலும் காய்ந்த புல்வெளி, நடுவில் நேராக ஒரு கறுப்புக் கோடு. தூரம் 402 மீட்டர், அதாவது கால் மைல். சீட்டில் முதல் 60 அடி நேரம், 330 அடி, அரைத் தூரம், ஆயிரம் அடி, கடைசி நேரம், கடைசி வேகம் என்று வரிசையாக இருக்கும். நாடு முழுக்கக் கிலோமீட்டர் பேசுகிறவர்கள் இங்கே மட்டும் அடியும் மைலும் பேசுவார்கள். கடைசி வேகம் எஞ்சினின் பலத்தைச் சொல்லும், முதல் 60 அடி மற்ற எல்லாவற்றையும் சொல்லும். எனக்கு வேகம் ஆரம்பத்திலிருந்தே மணிக்கு 120 மைல் பக்கம். நேரம் மட்டும் 11.6 விநாடியில் நின்றது. 60 அடிக்கு 1.95 ஆனது. எஞ்சினில் ஒரு நட்டைக்கூடத் தொடாமல், கன்வெர்ட்டரையும் (எஞ்சினையும் ஆட்டோ கியரையும் ஆயிலால் இணைப்பது) டயரையும் மாற்றியதில் அது 1.7-க்கு இறங்கியது, மொத்த நேரம் 11.2-க்கு வந்தது. தொடக்கத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடியும் முடிவில் கொஞ்சம் வட்டியோடு திரும்பி வருகிறது.

கன்வெர்ட்டர் விஷயம் உனக்குப் பிடிக்கும். பிரேக்கை அழுத்தியபடி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பழைய கன்வெர்ட்டர் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பிடித்து வண்டியை இழுக்கும், அதற்குள் பூஸ்ட் வராது. ஸ்டால், அதாவது பிடிக்கும் ஆர்பிஎம், அதிகமான கன்வெர்ட்டர் மூவாயிரம் தாண்டவிட்டுப் பிடிக்கும். பச்சை விளக்கு விழும்போது டர்போ ஏற்கெனவே விழித்திருக்கும். டயர், டிராகுக்கென்றே செய்த ரேடியல். காற்று 20 பிஎஸ்ஐ பக்கம் இறக்கிவிட வேண்டும், பக்கச்சுவர் மடங்கிச் சுருண்டு தரையைப் பிடிக்கும். கிளம்புமுன் தண்ணீரில் சுழற்றிப் புகை வரச் சூடாக்குவது வேடிக்கைக்கு இல்லை. தொடக்கக் கோட்டில் அடித்திருக்கும் பசையோடு சூடான ரப்பர்தான் ஒட்டும். அங்கே செருப்போடு நின்றால் கால் வரும், செருப்பு வராது.

குளிர்கால ராத்திரி எஞ்சினுக்கு அமிர்தம். காற்று அடர்த்தி, டர்போ கைநிறைய அள்ளும். ஆனால் தரை சில்லிட்டுப்போவதால் டயர் வழுக்கும். இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

சின்னவன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று நச்சரிக்கிறான். அவன் இன்னும் பி பிளேட், புது லைசென்ஸ்காரன். விக்டோரியாவில் அவர்களுக்கு டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டிய கார் கூடாது. எனக்கு நல்ல சாக்கு. ரோட்டில் வித்தை காட்டினால் காரையே போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும். செய்த மாற்றங்களுக்கு இன்ஜினியர் சான்றிதழ் வேறு வாங்கவேண்டும். வேகம் கூடக் கூட ஸ்ட்ரிப்பிலும் விதி இறுகும். 10 விநாடிக்குக் கீழே போனால் ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு) இல்லாமல் விடமாட்டார்கள். பின் சீட்டில் கூண்டு அடித்துவிட்டு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக முடியாது. அதனால் 11-ல் நான் திருப்தி.

சரி, உன் பையன் விஷயம். ரீமேப் போடுமுன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார். லீக்டவுன் (அந்த அழுத்தம் கசிகிறதா) பார். பிளக்கைக் கழற்றி இடைவெளியைக் குறைத்துப் போடு, பூஸ்ட் ஏறினால் பெரிய இடைவெளியில் பொறி அணைந்துவிடும். இன்டர்கூலர் குழாயில் சோப்புத் தண்ணீர் அடித்துக் கசிவு இருக்கிறதா என்று பார். சின்ன எஞ்சின் காரென்றால் டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இந்த இன்டர்கூலர்தான் முதலில் மூச்சுவாங்கும், இரண்டாவது ஓட்டத்திலேயே சூட்டில் பவர் விழுந்துவிடும். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸாக இருந்தால் அது எவ்வளவு டார்க் தாங்கும் என்று கேட்டுக்கொண்டு அதற்குக் கீழேயே நில். ஆன்லைனில் வாங்கிய ஏதோ ஒரு ஃபைலைக் கொண்டுவந்து ஏற்றச் சொன்னால் மறுத்துவிடு. அந்த வண்டியில், நம் ஊர் பெட்ரோலில், நம் ஊர் வெயிலில் லாக் (ஓடும்போது பதியும் எஞ்சின் அளவுகள்) எடுத்து எழுதியதுதான் அதற்குப் பொருந்தும். செட்டிபாளையம் ரேஸ் மைதானத்தில் நேரம் கிடைத்தால் அங்கே கூட்டிப்போய் ஓட்டச் சொல், அவிநாசி ரோட்டில் வேண்டாம். இதையெல்லாம் கேட்டபிறகும் அவன் பெரிய டர்போதான் வேண்டும் என்றால் எனக்கு போன் செய்யச் சொல், நான் பேசிக்கொள்கிறேன்.

லாக் எடுத்தால் எனக்கும் அனுப்பு. நாக்கிங், இன்டேக் சூடு, எரிபொருள் அழுத்தம் மூன்றும் ஒரே திரையில் தெரிகிற மாதிரி இருக்கட்டும்.

கல்யாணத் தேதி குறித்ததும் உடனே சொல். டிசம்பர், ஜனவரி என்றால் இங்கே டிக்கெட் விலை எகிறிவிடும். வரும்போது தங்கச்சிக்கு முழங்கால் பெல்ட் ஒன்று வாங்கி வருகிறேன், அளவு கேட்டு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்