ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி ஒரு நன்றி மடல்

இந்த மாசத்தோட நான் ரிட்டையர்டு. சுற்றுச்சூழல் சுகாதாரத்துல வேலைன்னு சொன்னா சொந்தக்காரங்க பாதிப் பேரு இன்னமும் மரம் நடற வேலைன்னுதான் நெனைச்சிட்டு இருக்காங்க, போகட்டும். பேரு போட்டா சம்பந்தப்பட்டவங்களுக்குப் பிடிக்காது, அதனால பேரில்லாமலே சொல்றேன், படிக்கறப்ப அவங்கவங்களுக்குத் தெரிஞ்சிரும்.

முதல்ல தண்ணி சாம்பிள் பிடிச்சுக் கொடுத்த வீட்டுக்காரங்க. ஈயம் இருக்கான்னு பாக்கணும்னா தண்ணி குறைஞ்சது 6 மணி நேரம் பைப்லயே நிக்கணும், அப்பறம் தொறந்ததும் வர்ற முதல் 1 லிட்டரைப் பிடிக்கணும், கொஞ்சம் ஓட விட்டாலும் பைப்ல கரைஞ்சு நின்னதெல்லாம் அடிச்சிட்டுப் போயிரும், ரிசல்ட் சூப்பரா வரும், ஒரு பிரயோஜனமும் இருக்காது. எந்த ஆபீசர் வந்தும் இதைப் பண்ண முடியாதுங்க, வீட்டுல ஒருத்தர் எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சு, பாத்ரூம் போறவங்களைக்கூட நிறுத்தி வெச்சு, தூக்கக் கண்ணோட பாட்டிலை ரொப்பணும். அமெரிக்காவுல ஃபிளின்ட்ங்கற ஊர்ல 2014ல பைப் அரிப்பைத் தடுக்கற கெமிக்கல் சேக்காம ஆத்துத் தண்ணிய விட்டாங்களே, அங்கயும் 2015ல ஜனங்களே இப்படிப் பிடிச்சு வர்ஜீனியா டெக் யுனிவர்சிட்டிக்கு அனுப்பின பாட்டில்தான் குட்டை உடைச்சுது.

அடுத்து அந்த நோட்டு வெச்சிருந்த அக்கா. காத்துல இருக்கற மாசை அளக்கற எங்க மெஷின் 24 மணி நேர சராசரி காட்டும், அது எப்பவும் லிமிட்டுக்குள்ளதான் இருக்கும், நாங்களும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு இருப்போம். அக்கா நோட்டுல நாத்தம் வந்த மணி, கொடியில துணி எந்தப் பக்கம் ஆடுச்சு, சின்னவனுக்கு எப்ப இருமல், எல்லாம் ஒரே வரியில இருக்கும், நடுவுல பால் கணக்கு வேற. அதை வெச்சு டேட்டாவ மணிவாரியா பிரிச்சா நடுராத்திரியில மட்டும் கிடுகிடுன்னு ஏறியிருக்கு, விடியறதுக்குள்ள அடங்கிருது! சராசரி போட்டா அந்த ஏத்தம் இருந்த இடமே தெரியாது. எங்க ரிப்போர்ட்ல அது ‘மக்கள் அளித்த தகவல்’னு ஒரே வரியாப் போச்சு, எனக்கு இன்னமும் அது உறுத்துது.

வீடு வீடா கூட வந்த தன்னார்வலர்களுக்குப் பெரிய கும்பிடு. 1854 லண்டன் காலரான்னா அது தண்ணியில பரவுதுன்னு காட்டின டாக்டர் ஜான் ஸ்னோவைத்தான் எல்லாரும் சொல்வாங்க, அந்தத் தெருக்காரங்களோட பழகி ஒவ்வொரு வீடா விசாரிச்ச ஹென்றி வைட்ஹெட் பாதிரியாரை யாரு சொல்றாங்க? நீங்க கூட வரலைன்னா எனக்குப் பாதிக் கதவு தொறந்திருக்காது.

ரத்தம் எடுத்துட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லன்னு மீட்டிங்லயே எந்திரிச்சு கேட்ட பாட்டிம்மாவுக்கும் நன்றி. அன்னைல இருந்து ரிசல்ட்ட முதல்ல வீட்டுக்காரங்க கையில கொடுத்துட்டுதான் மேல அனுப்பறது. சண்டை போட்டுதான் இதைக் கொண்டு வந்தோம், கூட நின்ன டீமுக்கு அது தெரியும். லேப் தம்பிங்க, மூடற நேரத்துக்கு ஐஸ் பெட்டியோட வந்து நின்னாலும் முகம் சுளிக்காம வாங்கி வெச்சீங்க, மறக்க மாட்டேன்.

புதுசா வர்ற பொண்ணுகிட்ட எல்லா ஃபைலையும் காமிச்சாச்சு. கடைசி ரவுண்டு ரிசல்ட் இன்னும் சில வீட்டுக்குப் பாக்கி இருக்கு, அதைக் கொடுக்க நாங்க ரெண்டு பேரும் சேந்தே வருவோம், நாயைக் கொஞ்சம் கட்டி வைங்க.