வெளிச்சம் பட்டால் கழலும் மருந்து

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு எம்.எஸ்சி. வேதியியலில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, விடு.

ருத்தேனியம் என்ற உலோகம் பற்றி அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். நடுவில் அந்த உலோகம், சுற்றிலும் மூன்று பைபிரிடின் என்ற கரிம மூலக்கூறுகள் பிணைந்த அந்த ஆரஞ்சு நிற அணைவுச் சேர்மம் நினைவிருக்கிறதா? சூரிய ஒளியை வேலை வாங்க அதை வைத்து எத்தனையோ பேர் முயன்றார்கள். தொல்லை ஒன்றுதான்: ஒளி படப்பட ஈனி, அதாவது உலோகத்தோடு பிணைந்த மூலக்கூறு, கழன்று சேர்மம் பாழாகும். கழலாமல் காப்பதே பெரும்பாடு.

பியூனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட்டோ எட்செனிக் குழு அந்தக் கோளாறையே வேலைக்கு வைத்துக்கொண்டது. 2003இல் 4-அமினோபிரிடினை ருத்தேனியத்தோடு கட்டினார்கள். நரம்பணுக்களின் பொட்டாசியம் வாயில்களை அடைக்கும் மருந்து அது. உலோகத்தோடு கட்டுண்டிருக்கும்வரை சும்மா கிடக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டால் வெளியே வந்து வேலையைக் காட்டும். சோதித்துப் பார்த்தது அட்டைப்பூச்சியின் நரம்பணுவில்!

நடப்பது இதுதான். ஒளி ஓர் எலக்ட்ரானை உலோகத்திலிருந்து பைபிரிடினுக்குத் தள்ளுகிறது. ஆற்றல் ஏறிய அந்தக் கிளர்வு நிலையிலிருந்து, சற்றே மேலே இருக்கும் இன்னொரு நிலைக்கு அறை வெப்பமே ஏற்றிவிடும். அங்கே எலக்ட்ரான் இருப்பது நாம் மனப்பாடம் செய்த எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலில், அதாவது பிணைப்பைப் பலவீனப்படுத்தும் இடத்தில். பிணைப்பு தளர்ந்து ஈனி போகிறது, தண்ணீர் மூலக்கூறு அந்த இடத்தில் உட்காருகிறது. உலோகத்தை ஒட்டி மெதில் தொகுதிகளைத் திணித்து நெருக்கடி உண்டாக்கினால் இன்னும் சுலபமாகக் கழலும். எனக்கு மிகப் பிடித்த தந்திரம் அது.

2008, 2009இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரஃபேல் யுஸ்டேயோடு சேர்ந்து காபா, குளுட்டமேட் என்ற நரம்புச் செய்தி கடத்தும் பொருள்களையும் இப்படியே கட்டிவைத்தார்கள். இப்படிப் பொருளை அடைத்துவைத்த முந்தைய மூலக்கூறு கூண்டுகள் பலவற்றைத் திறக்கப் புற ஊதா ஒளி வேண்டும், அது செல்லுக்கு ஆகாது. இதற்கு நீல ஒளி போதும். குளுட்டமேட் கிளப்பிவிடும், காபா அடக்கும். ஒளி விழுந்த இடத்தில் மட்டும் நரம்பணுவைத் தூண்டலாம், அடக்கலாம்.

இதே வழியில் மருந்தைக் கட்டிவைத்து ஒளியால் அவிழ்க்கலாம் என்பதால் புற்றுநோய்க்கு மருந்து தயார் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதே. நீல ஒளி திசுவுக்குள் மிகக் கொஞ்ச தூரமே போகும். அதனால்தான் லைடனில் சில்வெஸ்டர் போனே போன்றவர்கள் சிவப்பு ஒளியின் பக்கம் நகர்கிறார்கள். ஈனி போனபின் மிஞ்சும் உலோகத் துண்டு உடம்பில் என்ன செய்யும் என்பதையும் ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனியாகப் பார்த்தாக வேண்டும். ஆனால் ஒளியால் ஆக்சிஜனைக் கிளர்ந்தெழச் செய்து செல்லைக் கொல்லும் முறைக்கு ஆக்சிஜன் வேண்டும், இதற்குத் தேவையில்லை. புற்றுநோய்க் கட்டியின் நடுவில் ஆக்சிஜன் குறைவு என்பதால் எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை.

அவள் இதில் இறங்கினால் ஆய்வகத்தில் மங்கலான சிவப்பு விளக்கில் வேலை பார்க்கப் பழகச் சொல். கண்ணாடிக் குடுவைக்கு அலுமினியத் தாள் சுற்றவும் மறக்கக் கூடாது. கேள்விகள் இருந்தால் நேரே எனக்கே எழுதட்டும். பொங்கலுக்கு வருகிறீர்களா, இல்லை நாங்கள் கிளம்பி வரட்டுமா?

அன்புடன்,
சேகர்