ஷீட் ஏற்றும் முன்பே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் இப்போது வீட்டில் ஆள் கூடிவிட்டால் காங்கிரீட்டுக்குக் காசு பார்ப்பதில்லை, பின்பக்கமோ மொட்டை மாடியிலோ நாலு இரும்புத் தூண் நட்டு மேலே தகர ஷீட் ஏற்றி ஓர் அறை எடுத்துவிடுகிறார்கள். ஓலை வேயவும் ஆள் கிடைப்பதில்லை, ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது, அதனால் ஷீட்தான் கதி, அதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆனால் ஷீட் ஏறி, பால் காய்ச்சி, கட்டில் போட்டு, சித்திரை பிறந்த பிறகுதான் "வெக்கை தாங்கலையே, என்ன பண்ணலாம்" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வியை வெல்டர் அளவெடுக்க வந்த அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

நானும் கேட்காதவள்தான். அம்மாவுக்காகப் பின்பக்கம் பத்துக்குப் பதினாலில் ஓர் அறை போட்டோம். நீலக் கலர் ஷீட், பார்க்க அழகாக இருந்தது. அடியில் ஏதாவது கொடுக்க வேண்டாமா என்று ஒப்புக்குக் கேட்டதற்கு "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் அக்கா" என்றார் வேலைக்கு வந்தவர். சரி என்று விட்டேன். பங்குனி பாதியிலேயே அம்மா தலையணையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டார்.

இங்கே மதுரை அளவுக்கு வெயில் அடிப்பதில்லை, கடல் இருக்கிறதே என்பார்கள். வெயில் குறைவுதான், புழுக்கம் அதிகம், வேர்வை காயாது. அதற்கு மேல் ஷீட்டின் சூடு வேறு. அடர் நிற ஷீட் உச்சி வெயிலில் 65 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டினாலும் சுடும் அல்லவா, அதே மாதிரி அந்தத் தகரம் முழுக்க கீழே படுத்திருப்பவர் மேல் அனலை வீசிக்கொண்டே இருக்கும். இதற்கு ஃபேன் மருந்தில்லை, அது மேலே தேங்கிய சூட்டுக் காற்றைத்தான் நம் தலையில் தள்ளும். ஏசி போட்டவர்களைப் பார்க்கிறேன், ஒரு டன் ஏசி கட் ஆகாமல் ஓடுகிறது, இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் பில்லின் கணக்கே மாறிவிடுகிறது.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஓர் அங்குல தெர்மகோல் வாங்கி, மரவேலைக்குப் பயன்படுத்தும் மஞ்சள் பசையைத் தடவி ஷீட்டின் அடியில் ஒட்டச் சொன்னேன். அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மகோலையே தின்றுவிடும் என்று எனக்கும் தெரியவில்லை, ஒட்டியவருக்கும் தெரியவில்லை. குழி குழியாகக் கரைந்து, அடுத்த வெயிலுக்குப் பாதி கட்டிலில் விழுந்தது. மிச்சத்தில் எலி கூடு கட்டியது. தெர்மகோல் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. பனை ஓலைக் கூரை குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் அடுக்கடுக்கான ஓலைக்குள் அசையாமல் நிற்கும் காற்று, தெர்மகோல் செய்வதும் அதையேதான். ஆனால் அது எளிதில் தீப்பிடிக்கும், கறுப்புப் புகை கக்கும். அதைத் திறந்தபடி விட்டு, மேலே வயரையும் குழாயில்லாமல் இழுத்தால் வினையை விலைக்கு வாங்கிய மாதிரி.

அப்புறம் மண்டபம் பக்கத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவர் சொல்லித்தான் ஃபாயில் ஷீட் போட்டோம், அந்த பபிள் வைத்த பளபளப்பான அலுமினியச் சுருள். இதில் ஒரு விஷயத்தைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஃபாயிலைத் தகரத்தோடு தகரமாக ஒட்டினால் பளபளப்பு இருந்தும் பாதிப் பலன்கூட இல்லை, தொட்டுக்கொண்டிருப்பதால் சூடு நேராக அதற்குள் இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஓர் அங்குலம் காற்று இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் தகரம் வீசும் அனலில் பெரும்பகுதியை ஃபாயில் திருப்பி அனுப்பும், தன் பங்குக்குக் கீழேயும் அதிகம் வீசாது. மேல்பக்கம் தூசி படிந்து மங்கும், அதனால் கீழ்ப்பக்கமும் பளபளப்பாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். புதிதாகப் போடுகிறவர்களுக்கு வேலை சுலபம்: குறுக்குப் பைப்புகளின் மேல் ஃபாயிலைக் கொஞ்சம் தொய்வாக விரித்து அதன்மேல் ஷீட்டை ஏற்றினால் இடைவெளி தானாக வந்துவிடும். நாங்கள் பின்னால் செய்ததால் பைப்புக்கு அடியில் கம்பி இழுத்துக் கட்டி, அதற்கும் கீழே பிவிசி சீலிங் போட வேண்டியதாயிற்று. உயரத்தில் முக்கால் அடி போனது, கூலி இரண்டு தடவை. கையில் காசு இருந்தால் பஃப் பேனல் போடலாம், இரண்டு தகட்டுக்கு நடுவில் ஃபோம் வைத்து வருவது. ஆனால் வெட்டிய ஓரங்களை மூடாமல் விட்டால் உப்புக்காற்று அங்கிருந்துதான் அரிக்க ஆரம்பிக்கும்.

சீலிங்குக்கு மேலே தேங்கும் சூடு வெளியேற தாழ்ந்த ஓரத்திலும் உச்சியிலும் திறப்பு விடுங்கள், அணிலும் வௌவாலும் நுழையாமல் வலை அடித்துவிட்டு. மேலே சுற்றும் உருண்டைக் காற்றாடியை நான் நம்பவில்லை, எங்கள் தெருவில் மூன்று துருப்பிடித்து நிற்கின்றன. தை மாத விடியற்காலையில் வெறும் ஷீட்டின் அடியில் வேர்த்துச் சொட்டுமே, அந்தத் தொல்லையும் இப்போது இல்லை.

மேலே கீற்றைப் பரப்புவது எங்கள் ஊர் வைத்தியம். ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலத்தில் சரி. தகரத்தின் மேல் கீற்று ஈரத்தையும் உப்பையும் சேர்த்துப் பிடித்துவைக்கும், இரண்டு மழையில் அடியில் துரு ஏறும், ஆடிக் காற்றில் கீற்று பக்கத்து வீட்டில் கிடக்கும். இன்னொருவர் சுண்ணாம்பு அடித்தார். காங்கிரீட் மாடிக்குச் சுண்ணாம்பு நல்லது, அலுமினியமும் துத்தநாகமும் பூசிய ஷீட்டுக்கு அதன் காரம் ஆகாது. சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தைக் கொத்தனார் சிமெண்ட் வைத்துப் பூசுகிறாரே, அதுவும் இதே கதைதான், அங்கே தகட்டை மடித்து வைத்து சிலிக்கான் அடிக்க வேண்டும். வெள்ளை ஷீட்டாகவே வாங்கினால் இந்தப் பூச்சு வேலையெல்லாம் எதற்கு? நீலத்துக்கும் வெள்ளைக்கும் எங்கள் கடையில் விலை ஒன்றுதான், நான்தான் அழகு பார்த்தேன்.

உப்பைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்துக்கே ஓயாமல் பெயின்ட் அடித்தும் துருவால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டு, 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தைத் திறக்க வேண்டி வந்தது, நம் வீட்டுத் தகரம் எம்மாத்திரம். ஷீட்டைக் கட்டிங் மெஷினால் அறுத்துப் பொறி பறக்க விட்டுவிட்டு அந்த இரும்புத் தூளைக் கூட்டாமல் போகாதீர்கள் என்று வேலையாட்களிடம் சொல்லுங்கள், ஒவ்வொரு தூளும் ஒரு துருப்புள்ளி. மழை நேராகப் படாத ஓரங்களில் உப்பு கழுவப்படாமல் நிற்கும், மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், தண்ணீருக்கு நாமே குடத்தோடு நிற்கிற ஊர் என்றாலும்.

உங்கள் நாளிதழின் வீட்டுப் பக்கத்தில் பங்களா படங்களுக்கு நடுவே ஒரு வாரமாவது இந்த ஷீட் அறைகளைப் பற்றி எழுதலாம். ஷீட் விற்கும் கடைக்காரர்களும் "அடியில் ஃபாயில் போடுகிறீர்களா" என்று ஒரு வார்த்தை கேட்கலாம், அவர்களுக்கும் வியாபாரம்தானே. போட நினைப்பவர்கள் மாசி, பங்குனிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். சோளகக் காற்று பிடித்த பிறகு ஷீட்டைத் தூக்கினால் ஷீட்டோடு ஆளையும் கொண்டுபோய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.