கேட்காத பாதி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்டிருந்த கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லாரும் நலம். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஓடிவிட்டது. ராத்திரியில் தூக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. தூக்கம் வராத நேரத்தில், விமானம், கப்பல் பேச்சுகளைத் தேடிப் பிடிக்கும் ரேடியோப் பெட்டியான ஸ்கேனர்தான் துணை.

சரி, ஸ்கேனருக்கே வருகிறேன். "பெட்டி பழசாகிவிட்டது, ஒன்றும் சரியாக எடுப்பதில்லை, புதுசு வாங்கிவிடட்டுமா" என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. இப்போதைக்கு வேண்டாம். உன் பெட்டியில் குறை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதன் தலையில் நிற்கும் அந்தக் குட்டை ரப்பர் ஆன்டெனாவும், அதை நீ ஜன்னலோரம் வைத்திருக்கும் இடமும்தான் குறை.

என் கதையைச் சொல்கிறேன். விமான அலைவரிசையை நான் எத்தனை வருடமாகக் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். இங்கிருந்து விமான நிலையம் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். இத்தனை வருடமும் நான் கேட்டது பாதிப் பேச்சுதான். விமானிகளின் குரல் பளிச்சென்று வரும். தரையிலிருந்து கட்டுப்பாட்டாளர் பேசுவது மட்டும் வராது. அவர் பேச வேண்டிய நேரத்தில் ஸ்பீக்கர் மௌனமாக இருக்கும். கட்டளையை விமானி அப்படியே திருப்பிச் சொல்வது விதி என்பதால், அதை வைத்து இன்ன உயரத்துக்கு இறங்கச் சொல்லியிருக்கிறார், இன்ன திசைக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறார் என்று ஊகித்துக்கொள்வேன். டெலிபோனில் யாரோ பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்பது போலத்தான் இருக்கும்.

காரணம் எளிமையானது. இந்த அலைகள் ஏறக்குறைய பார்வைக்கோட்டில்தான் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அதன் ரேடியோ தொடுவானம், அதாவது அதன் அலை எட்டும் எல்லை, எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாகக் கிடைக்கும். 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு அது 400 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அதனால் அதன் குரல் வீட்டுக்குள் இருக்கும் குச்சி ஆன்டெனாவிலும் விழுந்துவிடும். கட்டுப்பாட்டாளரின் தரை ஆன்டெனா 20 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் பங்கு 18 கிலோமீட்டர். என் அறையில் 3 மீட்டர் உயரத்தில் இருந்த ஆன்டெனாவின் பங்கு 7. இரண்டையும் கூட்டினால் 25. எனக்கோ 30 வேண்டும். இதற்குப் புதுப் பெட்டி என்ன செய்யும்? வந்து சேராத அலையை எந்தப் பெட்டியும் எடுக்க முடியாது. ஆன்டெனாவை மாடிக் கம்பத்தில் 12 மீட்டருக்கு ஏற்றினேன், என் பங்கு 14 ஆனது. 18-உம் 14-உம் 32.

ஏற்றிய அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கேபிளைப் பெட்டியில் சொருகிவிட்டு, பேச்சில்லாத நேரத்து இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச்சைக் கொஞ்சம் தளர்த்தினேன். ஒரு விமானி, எதிரே மேகம் திரண்டிருப்பதால் பத்து மைல் இடப்பக்கம் ஒதுங்கிப் போகட்டுமா என்று கேட்டார். வழக்கம்போல மௌனத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு பெண் குரல் வந்தது. லேசான இரைச்சலோடு, நிதானமாக, அனுமதி தந்துவிட்டு, தாண்டியதும் சொல்லுங்கள் என்றது. அவ்வளவுதான். நான் எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை வருடம் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அன்றுதான் மறுமுனையில் பேசுபவர்களும் மனிதர்களாக ஆனார்கள்.

அந்த ஆன்டெனாவை நானே செய்தேன். நீயும் ஒரு மத்தியானத்தில் செய்துவிடலாம். கேபிளைத் திருகி மாட்டும் எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்று, கெட்டியான செம்புக் கம்பி மூன்று மீட்டர், இவ்வளவுதான் பொருள். கம்பியின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும்; 71-ஐ அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அது மீட்டரில் வரும். விமான அலைவரிசை 118 முதல் 137 வரை. நடுவில் 127 என்று வைத்துக்கொண்டால் 56 சென்டிமீட்டர். அந்த அளவில் ஒரு கம்பியைச் சாக்கெட்டின் நடு முனையில் செங்குத்தாக நிறுத்திப் பற்றவைத்துவிடு. நான்கு மூலைத் துளைகளிலும் அதைவிடக் கொஞ்சம் நீளமான, 59 சென்டிமீட்டர் கம்பிகள் நான்கை முடுக்கி, கீழ்நோக்கி 45 டிகிரி சாய்த்துவிடு. சாய்ப்பது அழகுக்காக அல்ல. அந்தக் கோணத்தில்தான் அதன் மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 50 ஓமுக்குப் பக்கத்தில் வருகிறது; ஸ்கேனர் எதிர்பார்ப்பது அதைத்தான். ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தால் கவலைப்படாதே. நாம் ஒலிபரப்பப் போவதில்லை, கேட்கத்தான் போகிறோம்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதே: கம்பி செங்குத்தாக நிற்க வேண்டும். விமானம், கப்பல், வாகனம் என்று இந்த உலகத்துப் பேச்சு எல்லாமே பெரும்பாலும் செங்குத்து அலைதான். படுக்கவைத்த ஆன்டெனாவில் சிக்னல் நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையலாம். முன்பு நான் திரைச்சீலைக் கம்பியோடு ஒரு ஒயரைக் கிடையாகக் கட்டி வைத்திருந்தேன். அது உதவாமல் போனதற்கு இதுவே காரணம் என்று பின்னால்தான் புரிந்தது.

நீ விமானத்தை மட்டும் கேட்பவன் இல்லை, கப்பல்களின் 156.8 மெகாஹெர்ட்ஸும், பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர்களின் 145-உம் 430-க்கு மேலும் கேட்பாய் என்பதும் தெரியும். அப்படியானால் பல அலைவரிசைகளையும் ஒன்றாக எடுக்கும் டிஸ்கோன் ஆன்டெனா நல்லது. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு கூம்பு, குடைக்கம்பிகள் போல நிற்கும். 1945-இல் காப்புரிமை பெற்ற வடிவம், இன்னும் அதை மிஞ்சிய அகலப்பட்டை ஆன்டெனா வீட்டுக்கு வரவில்லை. ஆனால் அது எல்லாவற்றையும் சுமாராக எடுக்கும், எதையும் அபாரமாக எடுக்காது. உன் காது எந்த அலைவரிசையில் அதிகம் கிடக்கிறதோ அதற்கென்று வெட்டிய கால் அலை ஆன்டெனா, அந்த ஒரு இடத்தில் டிஸ்கோனுக்குக் குறைந்ததில்லை, பல நேரம் மேல். நான் இரண்டையும் வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அப்புறம் கேபிள். பலர் ஆன்டெனாவுக்கு அவ்வளவு யோசித்துவிட்டு, கையில் கிடைத்த மெல்லிய கேபிளை இழுத்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறார்கள். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் 20 மீட்டர் போட்டால், 450 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 7 டெசிபெல் தின்றுவிடும். அதாவது ஆன்டெனா பிடித்ததில் ஐந்தில் நான்கு பங்கு வழியிலேயே சூடாகப் போய்விடும். அதே நீளத்துக்கு டிவி டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி-6 என்றால் 3 டெசிபெல் அளவில்தான் போகும். அது 75 ஓம் ஆயிற்றே என்று நீ கேட்பாய். பொருந்தாமையால் ஆகும் இழப்பு 0.2 டெசிபெல்கூட இல்லை. கேட்பதற்கு அது ஒரு பொருட்டே அல்ல. தடிமனான எல்எம்ஆர்-400 இன்னும் மேல், ஆனால் வளைத்துக் கொண்டுவருவது பெரும்பாடு.

போன மழைக்காலத்துக்குப் பிறகு எனக்கு ஒன்று நடந்தது. வரவர எல்லாம் மங்கிக்கொண்டே வந்தது. பெட்டியைச் சந்தேகப்பட்டேன், ஆன்டெனாவைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் கம்பத்தில் ஏறி மேல் கனெக்டரைக் கழற்றியபோது, உள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் கைமேல் விழுந்தது. கேபிளின் மேலுறையைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய செம்புப் பின்னல் கறுத்து, அங்கங்கே பச்சை பூத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. ஒரு அடி வெட்டினேன், இன்னும் கறுப்பு. இன்னொரு அடி, அப்போதும் கறுப்பு. தண்ணீர் பின்னல் வழியாகவே இறங்கியிருக்கிறது. முழுக் கேபிளையும் மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது கனெக்டரின் மேல், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் கறுப்பு பிவிசி டேப்பும் சுற்றியிருக்கிறேன். நீ இதை முதல் நாளே செய்துவிடு.

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். பொறு. அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் பிரயோஜனம் குறைவு, வைப்பதானால் கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவை ஒட்டி. அதைவிட முக்கியம், பக்கத்தில் பலமான எஃப்எம் நிலையம் இருந்தால் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அந்த வெள்ளம் பெட்டியைத் திணறடித்துவிடும். விமானி பேச வேண்டிய இடத்தில் பாட்டு கேட்கும். உன் ஸ்கேனரில், வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் பட்டன் இருக்கிறதல்லவா? அதை அழுத்தியதும் குரல் தெளிவானால், உனக்குச் சிக்னல் போதாமல் இல்லை, அதிகமாகித் திணறுகிறது என்று அர்த்தம். அப்போது வேண்டியது எஃப்எம்மைத் தடுக்கும் ஃபில்டர், பூஸ்டர் அல்ல.

வீட்டுக்குள்ளேயே உண்டாகும் இரைச்சல் தனிக் கதை. விமானப் பேச்சு, அலையின் வலுவைக் கூட்டிக் குறைத்துக் குரலை ஏற்றும் ஏஎம் முறையில் வருவதால் எந்த மின் இரைச்சலும் நேரே காதில் விழும். ஒரு ராத்திரி ஸ்கேனரை பேட்டரியில் ஓடவிட்டு மெயினை அணைத்தேன். உர்ரென்ற சத்தம் பட்டென்று நின்றது. பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே வந்தேன். மாடிப்படியில் இருந்த எல்இடி பல்பைப் போட்டதும் சத்தம் திரும்பி வந்தது. அந்த ஒரு பல்பை மாற்றியதில் கிடைத்த தெளிவை எந்தக் கருவியும் எனக்குத் தந்ததில்லை. இந்தச் சோதனைக்குச் செலவே கிடையாது. நீ முதலில் இதைச் செய்துவிட்டு, அப்புறம் கம்பத்தைப் பற்றி யோசி.

கம்பத்தை நடும்போது கவனம். அது எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடக் கூடாது. அந்தத் தூரத்தை அளந்துகொள்ளாமல் ஏறாதே, தனியாகவும் ஏறாதே. கம்பத்துக்கு எர்த் கொடு. இடி மின்னல் வருவதற்கு முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும், மின்னலைத் தரைக்கு இறக்கும் அரெஸ்டர் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது நாட்டுக்கு நாடு மாறும். உன் ஊர்ச் சட்டத்தை ஒரு தடவை பார்த்துக்கொள். மறையாக்கம் செய்த, அதாவது பிறர் கேட்க முடியாதபடி குறியாக மாற்றிய பேச்சை எவ்வளவு உயரமான ஆன்டெனாவும் திறந்து தராது, அந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்காதே.

உன் மாடி எத்தனை மீட்டர் உயரம், விமான நிலையம் நேர்கோட்டில் எத்தனை கிலோமீட்டர், எந்த அலைவரிசையில் அதிகம் கேட்கிறாய் என்ற மூன்றையும் அடுத்த கடிதத்தில் எழுது. கம்பிகளை நானே அளந்து வெட்டி, சாக்கெட்டில் பொருத்தி அனுப்பிவைக்கிறேன். மீதிச் செம்புக் கம்பி என்னிடம் சும்மாதான் கிடக்கிறது. அம்மாவுக்கு என் வணக்கம்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்

பின்குறிப்பு: கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டுவை. மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், துளை வழியாக உன் மேஜைக்கு வராது.