நம் கடற்கரையிலும் ஒரு கப்பல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்குக் குடும்பத்தோடு விசாகப்பட்டினம் போய், கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு வாரம் ஆகியும் வீட்டில் அதே பேச்சுதான். நாங்கள் பென்னாகரத்துக்காரர்கள். ஒகேனக்கல் பரிசலைத் தவிர தண்ணீரில் போகும் எதிலும் என் மகள் ஏறியதில்லை.

சோவியத் நாட்டில் கட்டப்பட்டு, 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்த கப்பல் அது. 1971இல் பாகிஸ்தானோடு நடந்த போரில் ரோந்து போயிருக்கிறது. 2001இல் ஓய்வு கொடுத்து, கரைக்கு இழுத்து மணலில் ஏற்றி, மறு வருஷமே மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். நீளம் 91 மீட்டர். ஆனால் உள்ளே எதிரில் ஓர் ஆள் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எங்கு பார்த்தாலும் குழாய், வால்வு, மீட்டர். நடுவில் வட்டமான துளைகள். அதன் வழியாகத்தான் வீரர்கள் அறைக்கு அறை போவார்களாம்.

சுற்றிக் காட்டியவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். டார்பிடோ என்னும், தண்ணீருக்கடியில் பாயும் குண்டுகளை வைக்கும் அறையில் ஒடுங்கிய படுக்கை ஒன்றைக் காட்டி, இதில்தான் தூங்குவோம் என்றார். "குண்டுக்குப் பக்கத்திலேயா?" என்றாள் மகள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, குளிக்கத் தண்ணீர் கிடையாதும்மா, குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் என்றார். அவள் அந்தப் படுக்கையின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. பின்னால் வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

விமானம் தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்தும் இப்படி நின்றிருக்க வேண்டியதுதான். 1971இல் வங்கக் கடலில் இருந்து விமானங்களை அனுப்பி, இன்றைய வங்கதேசத்தில் உள்ள காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய கப்பல் அது. மும்பையில் சில வருஷம் மக்கள் பார்வைக்கு இருந்தது. பராமரிக்க முடியாமல் 2014இல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அந்த இரும்பில் கொஞ்சம் பைக் செய்யவும் போயிற்று. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எங்கள் தருமபுரிப் பக்கம் மாடு மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல் நட்டு வைத்திருக்கிறார்கள். வயல் வரப்பில், ஏரிக்கரையில் இன்றும் அந்த நடுகற்களைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்கு, போருக்குப் போய் வந்த ஒரு கப்பலைப் பழைய இரும்பாக நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தமிழ்நாட்டுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. குர்சுரா வகையைச் சேர்ந்த வாக்லி நீர்மூழ்கி 2010இல் ஓய்வு பெற்றபோது, அதை மாமல்லபுரத்தில் நிறுத்த மாநில அரசு திட்டம் போட்டது. அப்புறம் அது நடக்காமலே போயிற்று. சரி, போனது போகட்டும். அடுத்து ஓய்வு பெறும் கப்பல் ஒன்றை அரசு இப்போதே கடற்படையிடம் கேட்டு வைக்க வேண்டும். தண்ணீரில் விடாமல், குர்சுராவைப் போலக் கரையேற்றி நிறுத்த வேண்டும். இடம் மாமல்லபுரமாக இருந்தால், எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ராத்திரி பஸ் ஏறி விடியும்போது போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இதைத் தங்கள் பத்திரிகை விடாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.