நள்ளிரவில் மணி அடித்த சத்திரம்

அன்புள்ள மகளுக்கு,

ரயில் தாமதமாகி நள்ளிரவில் போய் இறங்கிய ஊரில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை என்றும், பசியோடே படுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். படித்ததும் மனம் கலங்கிவிட்டது. கூடவே ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரமும் நினைவுக்கு வந்தது. நீ சிறுமியாக இருந்தபோது, தேர் போல அமைந்த அதன் முகப்பில் கற்சக்கரத்தின் ஆரக்கால்களை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாயே, அதே சத்திரம்தான். அதன் கதையை அன்று உனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்புக்குரிய முக்தாம்பாள் இளமையிலேயே இறந்துபோக, அவர் பெயரால் 1802-இல் அதை நிறுவினார். காசியிலிருந்து கங்கைநீர் சுமந்து இராமேசுவரத்துக்கு நடந்தே செல்பவர்கள் தங்கி இளைப்பாறுவதற்காக, தஞ்சை மராத்திய மன்னர்கள் அந்த வழி நெடுகிலும் சத்திரங்கள் கட்டினார்கள். அவற்றில் பல, நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரத்தைப் போல, அரச குடும்பத்துப் பெண்களின் பெயரையே தாங்கியவை.

என்னை மிகவும் நெகிழ வைப்பது, 1801-இல் சரபோஜி, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் நாட்டின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. அந்த நிலையிலும், சத்திரங்களின் தருமம் தடைப்படக் கூடாது என்று வேண்டி, அங்கே நடப்பதையெல்லாம் அவர் விரிவாக எழுதினார். எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு. சமைத்த உணவை ஏற்காதவர்களுக்கு அரிசியாகக் கொடுப்பார்கள். நோயுற்ற வழிப்போக்கருக்குக் குணமாகும்வரை மருந்தும் பத்தியச் சாப்பாடும், பிள்ளை பெற வந்தவளுக்குப் பேறுகாலப் பராமரிப்பும், அநாதைக் குழந்தைகளுக்கு உணவோடு படிப்பும் கிடைத்தன. வழியில் இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கடனும் நடந்தது.

நள்ளிரவு வரை பந்தி நடந்த பிறகு மணி அடிப்பார்களாம். அதுவரை சாப்பிடாமல் இருப்பவர் எவராயினும் வந்து உண்ண வேண்டும் என்பதற்காகவே அந்த மணி. பசித்தவன் வந்து கேட்கட்டும் என்று காத்திராமல் அவனை அழைத்துச் சோறிட்ட அந்த ஏற்பாட்டை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைகிறது.

பிற்காலத்தில் அந்தக் கட்டடம் மாணவர் விடுதியாகவும் பயன்பட்டது. நீ ஊருக்கு வரும்போது மீண்டும் சென்று, பெரிய முற்றங்களையும் மரத்தூண்களையும் நிதானமாகப் பார்ப்போம். அதுவரை, இரவுப் பயணம் என்றால் கையில் ஏதாவது சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளம்பு, கண்ணே.

அன்புடன்,
அப்பா