சாந்திக்கு, சான் ஹோசேயிலிருந்து

19 அக்டோபர் 2025

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபப்படாதே. அக்டோபர் பிறந்தால் இங்கே அடுத்த ஆண்டுக்கான நிதியுதவி விண்ணப்பங்கள் தொடங்கிவிடும். மதியச் சாப்பாடே மூன்று மணிக்குத்தான், அதுவும் மேசையிலேயே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நீயே போட்டுவிடு. அவர்களிடம் விட்டால் பாதி கன்னத்தில்தான் விழும்.

மண்டபம் முகாமிலிருந்து வரும் உன் வகுப்புப் பையன், "இங்கேயே பிறந்த நான் எப்படி டீச்சர் அகதி?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். குடியுரிமையோ விசாவோ இல்லாத, அதாவது பேப்பர் இல்லாத பிள்ளைகளுக்கு உங்கள் காலேஜில் என்னதான்டி செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய்.

முதலில் ஒரு வித்தியாசம். இங்கே, இந்த மண்ணில் பிறந்த பிள்ளை குடிமகன். (அதையும் மாற்ற இந்த ஆண்டு அதிபர் உத்தரவு போட்டிருக்கிறார், வழக்கு நடக்கிறது.) என் அறைக்கு வருபவர்கள் வேறு நாட்டில் பிறந்து, இரண்டு வயதிலோ ஐந்து வயதிலோ அம்மா இடுப்பில் உட்கார்ந்து வந்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்புக்குத் தடையில்லை. அரசுப் பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1982-இல் ஒரு டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். கல்லூரி வாசலோடு அந்தத் தீர்ப்பின் நிழல் முடிகிறது. ஒன்றிய அரசின் உதவித்தொகையும் கிடையாது, கல்விக் கடனும் கிடையாது. மற்றதெல்லாம் அந்தந்த மாநிலத்தின் மனசு.

கலிபோர்னியா 2001-இல் ஏபி 540 என்று ஒரு சட்டம் போட்டது. எங்களைப் போன்ற கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) உள்ளூர்க்காரருக்கு, அதாவது இந்த மாநிலத்தவருக்கு, ஒரு யூனிட் 46 டாலர். பாடங்களை அளக்கும் கணக்குதான் யூனிட். வெளியூர்க்காரருக்கு 300 டாலருக்கு மேல். முழுநேரம் படிக்க ஒரு பருவத்துக்கு 12 யூனிட் எடுக்க வேண்டும், நீயே பெருக்கிப் பார்த்துக்கொள். இங்கே மூன்று ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறியவருக்கு உள்ளூர்க் கட்டணம்தான் என்றது அந்தச் சட்டம். பத்து ஆண்டு கழித்து, 2011-இல், மாநில உதவித்தொகைக்கும் வழி திறந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த 46 டாலரும் தள்ளுபடி ஆகிவிடும்.

எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்தது வேறொன்று. அது "நீ எந்த நாட்டுக்காரன்?" என்று கேட்பதில்லை, "எங்கே படித்தாய்?" என்றுதான் கேட்கிறது. இங்கே பள்ளி முடித்து, பெற்றோரோடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டுத் திரும்பிவரும் அமெரிக்கக் குடிமக்களும் அதே சலுகையில்தான் சேருகிறார்கள். அதனால் ஒரு பிள்ளை "நான் ஏபி ஃபைவ் ஃபார்ட்டி" என்று சொன்னால் அதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது. மறைந்துகொள்ள ஒரு கூட்டம் கிடைத்துவிடுகிறது. வேண்டுமென்றே அப்படி எழுதினார்களோ தெரியாது, ஆனால் என் வேலையின் சூட்சுமமே அதுதான். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உதவி போய்ச் சேர வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முன்பு வேலை பார்த்த கல்லூரியில், கவுண்டரில் நின்ற ஒரு பெண்ணிடம் என் பக்கத்து சீட்டுக்காரர், "சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையா?" என்று உரக்கக் கேட்டார். குடிமக்களுக்கும் வேலை அனுமதி உள்ளவர்களுக்கும் அரசு தரும் எண் அது. இல்லை என்றால் பேப்பர் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். பின்னால் வரிசையில் பத்துப் பேர். அவர் கெட்டவர் இல்லை, காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு போனவள் போனவள்தான். அவள் நிரப்ப வேண்டியது, அந்த எண் இல்லாதவர்களும் மாநில உதவித்தொகை கேட்கும் ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம். எங்கள் ஆள் கையில் கொடுத்தது ஒன்றிய அரசின் படிவம். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

இப்போது இருக்கும் கல்லூரியில் இதற்கென்றே ஓர் அறை. இலவசமாக பிரின்ட் எடுக்கலாம், காபி உண்டு, பழைய சோபா ஒன்று. முக்கால்வாசிப் பேர் பிரின்ட் எடுக்கத்தான் வருகிறார்கள். நாலாவது முறை வரும்போது மெதுவாக ஒரு கேள்வி விழும். மாநில அரசின் செலவில் குடியேற்ற வழக்கறிஞர் வருவார். அவரிடம் பேசுவதற்கு முன் மின்னஞ்சலில் எதையும் எழுதாதே, நேரில் வா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒபாமா காலத்து டாகா பற்றிக் கேட்டிருந்தாய். 2012-இல் வந்தது, நாடுகடத்தலைத் தள்ளிவைத்து இரண்டிரண்டு ஆண்டுகளாக வேலை அனுமதி தரும். ஆனால் 2007 ஜூன் 15-க்கு முன்பே இங்கே வந்திருக்க வேண்டும். இன்று முதலாமாண்டு சேரும் பிள்ளைகளில் பலர் அப்போது பிறக்கவே இல்லை! அதனால் இவர்களுக்கு வேலை அனுமதி இல்லை, கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கூடச் சம்பாதிக்க முடியாது. சம்பளம் என்று தர முடியாததை, பயிற்சிக்கான ஊக்கத்தொகை என்று எங்களால் முடிந்த அளவு தருகிறோம். ஒரு வேடிக்கை: டாகா ஆணையில் கையெழுத்துப் போட்ட அமைச்சர் ஜேனட் நபோலிடானோ அடுத்த ஆண்டே கலிபோர்னியா பல்கலைக்கழகத் தலைவராக வந்தார். பிறகு டிரம்ப் அதை நிறுத்தப் பார்த்தபோது வழக்குப் போட்டு, 2020-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்ததும் அதே பல்கலைக்கழகம்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகள் இதில் இல்லை என்று நினைக்காதே. அப்பாவின் ஹெச்-1பி வேலை விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு தமிழ்ப் பையன், கிரீன் கார்டு வரிசை நகராமல், 21 வயது ஆகப்போகிறதே என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆன பிறகு அப்பாவின் விசாவில் ஒட்டியிருக்க முடியாது. மாணவர் விசா, இல்லாவிட்டால் ஊர் திரும்ப விமானம். முறையாக விசாவில் இருந்த காரணத்தாலேயே அவனைப் போன்றவர்களுக்கு டாகாவும் கிடைக்காது. அவன் அம்மா என்னிடம், "நாங்க லீகல், எங்களை அவங்களோட சேர்க்காதீங்க" என்றார். ஒரு காபி கொடுத்து உட்கார வைத்தேன்.

இந்த ஆண்டு நிலைமை மோசம். பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்ய வேண்டாம் என்றிருந்த கட்டுப்பாட்டை ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். ஜூனில் டெக்சாஸ் மீது ஒன்றிய அரசு வழக்குப் போட்டது. அன்றே மாநிலம் ஒத்துக்கொண்டு, 2001 முதல் இருந்த கட்டணச் சலுகை அன்றோடு போயிற்று. இங்கே என் மேசையில் சிவப்பு அட்டைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. நீதிபதி கையெழுத்திட்ட வாரன்ட் இல்லாமல் கதவைத் திறக்க வேண்டியதில்லை என்று அதில் இருக்கும். பிள்ளைகள் ஒன்று எடுப்பதில்லை, வீட்டுக்கென்று நாலைந்தாக எடுத்துப் போகிறார்கள்.

சரி, பெரிதாகிவிட்டது. ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பையன் கேட்டதை எழுதினாய், வகுப்பே அமைதியானதை எழுதினாய். நீ அவனுக்கு என்ன பதில் சொன்னாய் என்று மட்டும் எழுதவில்லையே?

உன்,
மீனா